மென்னு தின்னா ஏன் சீக்கிரம் செரிக்குது? அடிக்கடி கேக்குற கேள்விகளும் பதில்களும்

சாயந்திரம் டியூஷன்ல பயாலஜி எடுக்குறேன். செரிமானம் பாடம் வந்தாலே வருஷா வருஷம் அதே கேள்விங்கதான் வரும், பசங்க கேட்டு முடிச்சதும் கூட்டிட்டுப் போக வர்ற அம்மா அப்பா வாசல்ல நின்னுக்கிட்டே அவங்க பங்குக்கு ரெண்டு கேப்பாங்க. ஒவ்வொரு தடவையும் முதல்ல இருந்து சொல்லி தொண்டை வத்திப்போச்சு, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வச்சுடலாம்னு.

இயந்திர செரிமானம், வேதி செரிமானம்னு ரெண்டா சொல்றாங்களே, என்ன வித்தியாசம்?

சாப்பாட்ட உடைக்கிறது, நசுக்குறது, கலக்குறது, பிசையுறது இதெல்லாம் இயந்திர செரிமானம். பல்லு கடிக்கிறது, நாக்கு புரட்டுறது, இரைப்பை பிசையுறது, சிறுகுடல் அங்கங்க இறுக்கி விட்டு கலக்குறது எல்லாம் இதுல சேத்தி. இதுல பொருள் மாறாது, அளவுதான் மாறும். அரிசிய மிஷின்ல குடுத்து மாவா அரைச்சு வாங்கினாலும் அது மாவுச்சத்துதான், சக்கரையா ஆகிடாது.

வேதி செரிமானம்னா மூலக்கூறே உடையுறது. மாவுச்சத்து குளுக்கோஸா உடையும், புரதம் அமினோ அமிலமா உடையும், கொழுப்பு கொழுப்பு அமிலமா உடையும். இத செய்யுறது என்சைம், பாடப்புத்தகத்துல நொதின்னு இருக்கும், அது கூட இரைப்பைல அமிலமும் சேரும். நம்ம ரத்தத்துக்குள்ள போகணும்னா இந்த ரெண்டாவது வேலை கண்டிப்பா நடந்தாகணும், முதல் வேலை மட்டும் எவ்ளோ நடந்தாலும் பிரயோஜனம் இல்ல.

அப்ப முதல் வேலை எதுக்கு? ரெண்டாவது வேலை எவ்ளோ வேகமா நடக்கும்னு முடிவு பண்றதே பெரும்பாலும் முதல் வேலைதான். மிச்சக் கேள்வி எல்லாம் இத சுத்தித்தான் வரும்.

சின்னதா உடைச்சா ஏன் வேகம் கூடுது? அதே சாப்பாடுதானே?

அதே சாப்பாடுதான், ஆனா என்சைம் கை வைக்கிற இடம் அதே இல்ல. என்சைம் மேல்பக்கத்துல இருந்துதான் வேலை செய்யும், ஒரு துண்டோட நடுவுல இருக்குற மாவுச்சத்து வெளிய இருக்குறது கரைஞ்சு தன் முறை வர்ற வரைக்கும் காத்துக்கிட்டுத்தான் இருக்கணும்.

வேகவச்ச உருளைக்கிழங்குல சரியா 1 செ.மீ. நீளம் அகலம் உயரம் இருக்குற மாதிரி ஒரு கட்டம் வெட்டுங்க. ஆறு பக்கம், ஒவ்வொண்ணும் 1 சதுர செ.மீ., ஆக மொத்தம் 6 சதுர செ.மீ. அத மூணு திசையிலயும் நடுவுல ஒரு வெட்டு வெட்டுங்க, எட்டு துண்டு ஆகும், இப்ப புறப்பரப்பு 12. அதையே 1 மி.மீ. கட்டங்களா வெட்ட முடிஞ்சா 1000 துண்டு வரும், ஒவ்வொண்ணுக்கும் 6 சதுர மி.மீ., கூட்டிப் பாத்தா 60 சதுர செ.மீ. கிழங்கு ஒரு கிராம் கூட கூடல, ஆனா என்சைம் உக்கார இடம் பத்து மடங்கு ஆயிடுச்சு. அத இன்னும் 0.1 மி.மீ.க்கு கொண்டு போனா 600 சதுர செ.மீ., நூறு மடங்கு. போர்டுல இந்தக் கணக்க போட்டுக் காட்டினா கடைசி பெஞ்ச் கூட நிமிந்து உக்காருது.

அப்ப மெல்லுறதால என்சைமோட சக்தி கூடுதுன்னு சொல்லலாமா?

கூடாது, பரீட்சைல நிறைய பேர் தப்பு பண்ற இடம் இது. என்சைம் அதேதான், ஒரு சதுர மில்லிமீட்டர்ல அது வேலை செய்யுற வேகமும் அதேதான். வேலை நடக்குற இடம் கூடுறதால ஒரு நிமிஷத்துக்கு மொத்தமா உடையுறது கூடுது, அவ்ளோதான். ஒரு வயல அறுக்க நாலு வரப்புலயும் ஆள இறக்குற மாதிரி வச்சுக்கோங்க, அருவா அதே அருவா.

இதுக்கு ஒரு எல்லையும் இருக்கு. இருக்குற என்சைம் எல்லாமே வேலைல மாட்டிக்கிட்ட பிறகு நீங்க இன்னும் பொடியாக்கினாலும் வேகம் ஏறாது. சூடு, அமிலத்தன்மை, என்சைம் அளவு இதெல்லாம் தனிக் காரணங்கள், அதுங்கள மெல்லுறதோட போட்டு குழப்பிக்க வேண்டாம்.

கலக்குறதும் இயந்திர செரிமானம்தான்னு சொன்னீங்க. உடைக்காம சும்மா கலக்கினா மட்டும் வேகம் கூடுமா?

கூடும். காப்பிக்கு சக்கரைய போட்டுட்டு ஆத்தாம குடிச்சுப் பாருங்க, மேல கசக்கும், கடைசி மடக்கு பாகு மாதிரி இருக்கும். சக்கரை துகள் அதே சைஸ்தான், டம்ளருக்கும் டபராவுக்கும் நாலு ஆத்து ஆத்தினா உடனே கரைஞ்சிடுது. ஏன்னா துகள சுத்தி ஏற்கெனவே சக்கரை நிறைஞ்ச தண்ணிய தள்ளிவிட்டுட்டு புதுத் தண்ணி வந்து தொடுது. வயித்துலயும் இதேதான், உணவுத் துண்ட ஒட்டினாப்ல செரிச்ச பொருள் தேங்கி நிக்கும், பிசைஞ்சு விட்டாத்தான் அது நகரும், புது அமிலமும் என்சைமும் உள்ள வரும்.

வீட்டுலயே இத காட்ட முடியுமா?

முட்டை ஓடு, வினிகர், ரெண்டு கண்ணாடி டம்ளர். ஒரு டம்ளர்ல பாதி ஓட்ட அப்படியே போடுங்க, இன்னொண்ணுல அதே அளவு ஓட்ட அம்மில நுணுக்கிப் போடுங்க, அம்மி இல்லாட்டி சப்பாத்திக் கட்டையால. ரெண்டுலயும் ஒரே அளவு வினிகர் ஊத்துங்க. பொடில உடனே புஸ்ஸுன்னு நுரை பொங்கும், முழு ஓட்டு மேல குமிழ் ஒண்ணொண்ணா முத்து மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கும், சாவகாசமா மேல வரும். இது செரிமானம் இல்ல, சுண்ணாம்புச்சத்து அமிலத்துல கரையுறது, ஆனா புறப்பரப்பு சமாச்சாரம் அப்பட்டமா தெரியும்.

நிஜ என்சைம் வேணும்னா எச்சில். சாதம் நாலு பருக்கை முழுசா ஒரு கிண்ணத்துல, நாலு பருக்கைய நல்லா மசிச்சு இன்னொரு கிண்ணத்துல. ரெண்டுலயும் கொஞ்சம் எச்சில், கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணி. அரை மணி நேரம் கழிச்சு டிஞ்சர் அயோடின் ஒரு சொட்டு விட்டுப் பாத்தா, முழுப் பருக்கை கருநீலமா மாறும், மசிச்சதுல அந்த நிறம் வெளுப்பா இருக்கும். எச்சில் அளவு, தண்ணியோட சூடு ரெண்டும் ஒண்ணா இல்லாட்டி ரிசல்ட் சொதப்பும், எங்க டியூஷன்ல முதல் தடவ சொதப்பிச்சு, ஒருத்தன் தண்ணிய கொதிக்கக் கொதிக்க ஊத்தி என்சைம அவிச்சிட்டான்.

வாயில எவ்ளோ செரிக்குது? அஞ்சு பத்து செகண்டுல முழுங்கிடுறோமே?

வாய்க்குள்ள இருக்குற நேரத்துல கொஞ்சம்தான். எச்சில்ல அமைலேஸ்னு ஒரு என்சைம், மாவுச்சத்த மால்டோஸ்ங்குற சக்கரையா உடைக்கும், வெறும் சோத்த ஒரு நிமிஷம் மென்னுக்கிட்டே இருந்தா லேசா இனிக்குறது அதனாலதான். ஒரு நாளைக்கு 1 லிட்டர்ல இருந்து ஒன்றரை லிட்டர் வரைக்கும் எச்சில் ஊறுது. மெல்ல மெல்ல எச்சில் ஊறுறதும் கூடுது, அந்த எச்சில் சோத்துக்குள்ள சீரா கலக்குறதும் நடக்குது, இது முக்கியம்.

ஏன்னா, முழுங்கின பிறகும் அமைலேஸ் வேலை செய்யும். இரைப்பை அமிலம் அத முடக்கிடும்ங்குறது சரிதான், ஆனா கவளத்தோட நடுப்பகுதிக்கு அமிலம் ஊறிப் போக நேரம் ஆகும், அது வரைக்கும் உள்ள இருக்குற எச்சில் பாட்டுக்கு மாவுச்சத்த உடைச்சுக்கிட்டு இருக்கும். சரியா மெல்லாம முழுங்கினா எச்சில் வெளிப்பூச்சா மட்டும் இருக்கும், அமிலம் முதல்ல தொடுறது அதத்தான்.

இரைப்பை என்னதான் பண்ணுது? அது வெறும் அமிலப் பைன்னு நெனச்சிட்டு இருந்தேன்.

நிறைய பேர் அப்படித்தான் நினைக்குறாங்க. இரைப்பை சுவத்துல தசை மூணு அடுக்கு இருக்கு, நீளவாட்டுல ஒண்ணு, வட்டமா ஒண்ணு, சாய்வா ஒண்ணு. சாப்பாடு இருக்கும்போது நிமிஷத்துக்கு சுமார் 3 தடவ ஒரு அலை கீழ்ப்பக்கமா இறுக்கிக்கிட்டே வரும். கடைசில பைலோரஸ்னு ஒரு வாசல், அலை வந்து சேர்றப்ப அது கிட்டத்தட்ட மூடிக்கும். ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டருக்கு கீழ இருக்குற துகளும் கூழும் மட்டும் சிறுகுடலுக்குள்ள பீச்சும், மிச்சம் மோதி திரும்பி பின்னாடி போகும். அடுத்த அலைல மறுபடி வந்து மோதும். இப்படி மோதி மோதித்தான் துண்டு நொறுங்குது, அதே நேரத்துல அமிலமும் பெப்சின்ங்குற என்சைமும் ஊறி புரதத்த மெத்துன்னு ஆக்குது, மெத்துன்னு ஆனது அடுத்த மோதல்ல சுலபமா பிய்யுது. ரெண்டு வேலையும் ஒண்ணுக்கொண்ணு கை கொடுத்துக்குது, பாடத்துல தனித்தனி தலைப்பா போட்டதால பசங்களுக்கு இது தெரியாமலே போயிடுது.

மாவு சலிக்கிறத பாத்திருப்பீங்க, சல்லடைல நின்ன குறுணைய மறுபடி மிஷின்ல போடுவாங்க. அதே கதைதான். நீங்க வாயில செய்யாம விட்ட வேலைய இரைப்பை ஓவர்டைம் பாத்து செய்யும், ஆனா அதுக்கு பல்லு கிடையாது, நேரம் ஆகும். வெறும் தண்ணி மளமளன்னு இறங்கிடும், திட சாப்பாடு முழுசா இறங்க ரெண்டுல இருந்து நாலு மணி நேரம், சில சமயம் அதுக்கு மேலயும். உடையவே உடையாத பெரிய துண்டு, விதை, நார் இதெல்லாம் வயிறு காலியான பிறகு சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவ வர்ற ஒரு பெரிய துப்புரவு அலைல வெளிய தள்ளப்படும், பசி நேரத்துல வயிறு கடமுடங்குதே, பாதி அதோட சத்தம்தான்.

இதெல்லாம் யாரு எப்படிக் கண்டுபிடிச்சாங்க? வயித்துக்குள்ள போயா பாத்தாங்க?

கிட்டத்தட்ட ஆமா. எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி, கொஞ்சம் நீளமா போகும்.

ஒரு காலத்துல ஐரோப்பால பெரிய சண்டை, செரிமானம்னா வெறும் அரைக்கிறதா, இல்ல ரசாயனமான்னு. இத்தாலில போரெல்லின்னு ஒருத்தர் 1600-கள்ல வான்கோழிக்கு கண்ணாடி உருண்டையும் ஈயக்கட்டியும் முழுங்கக் குடுத்துப் பாத்தார், உள்ள நொறுங்கிப் போயிருந்துச்சு, அதனால எல்லாமே அரைவைதான்னு ஒரு கட்சி கிளம்பிச்சு. 1752-ல பிரான்ஸ்ல ரியாமர் ஒரு பருந்துக்கு சின்ன உலோகக் குழாய்க்குள்ள கறிய வச்சு முழுங்க வச்சார். குழாய நசுக்க முடியாது, ஆனா ஓட்டை வழியா சாறு உள்ள போகும். பருந்து குழாய கக்கினப்ப கறி கரைஞ்சிருந்துச்சு. அரைக்காமலேயே கரையுதுன்னு நிரூபணம் ஆச்சு.

அதுக்கப்புறம் ஸ்பல்லன்சானி, இவரும் இத்தாலிதான், பாதிரியார் வேற, தன் வயித்துலயே சோதனை பண்ணினார். துணிப்பைல ரொட்டியையும் கறியையும் தெச்சு, ஓட்டை போட்ட மரக்குழாய்லயும் வச்சு, தானே முழுங்கி, மறுபக்கம் வெளிய வந்த பிறகு எடுத்துப் பாத்தார் (ஆமா, நீங்க நினைக்கிற மாதிரிதான் எடுத்தார்). மென்னு பைல வச்ச கறி மெல்லாம வச்ச கறிய விட சீக்கிரம் கரைஞ்சதுன்னு குறிச்சு வச்சார். நம்ம தலைப்புக்கு நேரடி பதில், 1700-கள்லயே.

அடுத்தது அமெரிக்கா. 1822 ஜூன் 6, மேக்கினாக் தீவு, ரோமத்தோல் கம்பெனி கடைல துப்பாக்கி தவறி வெடிச்சு அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின்ங்குற இளைஞன் வயித்துல குண்டு பாய்ஞ்சது. ராணுவ டாக்டர் வில்லியம் போமான்ட் வைத்தியம் பாத்தார், ஆள் பொழச்சிக்கிட்டான், ஆனா வயித்துல ஓட்டை மூடவே இல்ல. 1825-ல போமான்ட் பட்டு நூல்ல கறி, ரொட்டி, முட்டைக்கோஸ் துண்டெல்லாம் கட்டி அந்த ஓட்டை வழியா உள்ள விட்டு, அப்பப்ப இழுத்துப் பாத்தார். ஒரு மணி நேரத்துல கோஸும் ரொட்டியும் பாதி கரைஞ்சிருந்துச்சு, கறி அப்படியே இருந்துச்சு.

இன்னொரு சோதனைதான் நம்ம விஷயத்துக்கு ஆணி அடிச்ச மாதிரி. அதே ஆளோட இரைப்பைச் சாற வெளிய எடுத்து ஒரு குப்பில ஊத்தி, கறித் துண்டு போட்டு, உடம்புச் சூட்டுலயே வச்சார். வயித்துக்குள்ள விட்ட கறி சுமார் 2 மணி நேரத்துல கரைஞ்சது, குப்பில இருந்தது கரைய சுமார் 10 மணி நேரம் ஆச்சு. சாறும் அதே சாறு, சூடும் அதே சூடு. குப்பில பிசையுறது இல்ல, புதுச்சாறு ஊறுறதும் இல்ல. எந்த அளவுக்கு பொடியா, மெத்துன்னு இருக்கோ அந்த அளவுக்கு சீக்கிரம் செரிக்கும்னு தன் முடிவுகள்ல எழுதினார். அந்த ஆளு பாவம், சோதனைக்கு எலி மாதிரி வருஷக்கணக்கா உக்காந்திருக்கான், நடுவுல வெறுத்துப்போய் ஓடிப்போனதும் உண்டு.

பித்தநீர் என்சைமா? எண்ணெய் பலகாரம் செரிக்க அதுதானே வேணும்?

பித்தநீர்ல செரிமான என்சைம் கிடையாது. அது செய்யுறது சுத்தமா உடைக்கிற வேலை, அதுவும் மூலக்கூற இல்ல, சொட்ட.

எண்ணெயும் தண்ணியும் கலக்காதுன்னு தெரியும். வடைச்சட்டிய ஊற வச்ச பாத்திரத்துல மேல எண்ணெய் வட்டம் வட்டமா மிதக்கும், ஒரு சொட்டு சோப்பு விட்டு கலக்கினா பால் மாதிரி வெள்ளையா ஆயிடும். அது எண்ணெய் காணாமப் போனதில்ல, கண்ணுக்குத் தெரியாத குட்டி குட்டி சொட்டா பிரிஞ்சு நிக்குது. பித்த உப்புகள் குடல்ல இதத்தான் பண்ணுது. கொழுப்ப உடைக்கிறது கணையத்துல இருந்து வர்ற லைபேஸ், அது தண்ணில இருக்குற என்சைம், எண்ணெய்க்குள்ள போக முடியாது, சொட்டோட மேல்தோல்ல மட்டும்தான் வேலை. பெரிய சொட்டா இருந்தா தோல் கம்மி, ஆயிரம் சின்ன சொட்டா இருந்தா தோல் ஏகப்பட்டது. மேல சொன்ன உருளைக்கிழங்கு கணக்கு அப்படியே எண்ணெய்க்கும் பொருந்துது.

பித்தப்பைல கல்லுன்னு ஆபரேஷன் பண்ணி பைய எடுத்தவங்க கேப்பாங்க, இனிமே கொழுப்பே செரிக்காதான்னு. செரிக்கும், பித்தநீர் சுரக்குறது கல்லீரல்தான், பை வெறும் டேங்க். டேங்க் இல்லாததால சொட்டு சொட்டா வந்துக்கிட்டே இருக்கும், ஒரே நேரத்துல நிறைய எண்ணெய் உள்ள போனா சிலருக்கு திணறும், அதான் கொஞ்சம் கொஞ்சமா சாப்பிடச் சொல்றாங்க.

சிறுகுடல்லயும் இயந்திர செரிமானம் இருக்கா?

இருக்கு. குடல் அங்கங்க இறுகி, விட்டு, பக்கத்துல இறுகும், உள்ள இருக்குறது முன்னும் பின்னும் ஆடும். முன்குடல்ல நிமிஷத்துக்கு 12 தடவ மாதிரி, கடைசிப் பக்கம் 8, 9. இங்க உடைக்கிறத விட கலக்குறதுதான் பெரிய வேலை, கணைய என்சைமோட சேத்து விடுறதும் செரிச்சத குடல் உறிஞ்சிகள் (குடல் சுவத்துல சத்த உறிஞ்சுற குட்டி விரல் மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கும்) பக்கம் கொண்டு போய் தொட வைக்கிறதும்.

அவசரத்துல மெல்லாம முழுங்கிட்டா செரிக்கவே செரிக்காதா?

செரிக்கும், எத முழுங்கினீங்கங்குறத பொறுத்து. 1950-கள்ல இங்கிலாந்துல ஒரு ஆய்வு, ஸ்பல்லன்சானி மாதிரியே சின்னப் பைகள்ல மென்ன உணவும் மெல்லாத உணவும் வச்சு ஆட்கள முழுங்க வச்சாங்க. மீன், முட்டை, சோறு, ரொட்டி இதெல்லாம் மெல்லாமலேயே செரிச்சிடுச்சு. ஆட்டுக்கறி, மாட்டுக்கறி, உருளைக்கிழங்கு, கேரட் மாதிரி விஷயங்கள் மெல்லாம போட்டா பைல மிச்சம் நின்னுச்சு.

எனக்கு ஒரு சொந்த அனுபவம். ஒரு கல்யாணத்துல மத்தியானப் பந்தி, மட்டன் பிரியாணி. உக்காந்த ரெண்டாவது நிமிஷமே சேருக்குப் பின்னாடி அடுத்த பந்தி ஆளுங்க வந்து சேர் முதுக புடிச்சுக்கிட்டு நின்னாச்சு, ஒரு பெரியவர் என் இலைய எட்டி எட்டிப் பாக்குறார். அந்த வெக்கத்துல நெஞ்செலும்பு கறிய ரெண்டு கடி கடிச்சு அப்படியே தண்ணி ஊத்தி இறக்கிட்டேன். ராத்திரி எட்டு மணிக்கும் வயிறு கல்லாட்டம், ஏப்பத்துல மத்தியான பட்டை கிராம்பு வாசம். கறி கெட்டுப்போகல, கூட வந்தவங்க எல்லாருக்கும் ஒண்ணும் ஆகல, என் பல்லு செய்ய வேண்டியத வயித்து தலைல கட்டினேன், அது தன் வேகத்துல செஞ்சுக்கிட்டு இருந்துச்சு.

வேர்க்கடலை, பாதாம் எல்லாம் மென்னு தின்னா ஒரு கணக்கு, அரைச்சா ஒரு கணக்குன்னு சொல்றாங்களே?

உண்மைதான், சத்தியமா. கடலைல எண்ணெய் சின்னச் சின்ன செல்லுக்குள்ள அடைபட்டு இருக்கு, ஒவ்வொரு செல்லுக்கும் நாரால ஆன சுவர். அந்தச் சுவர உடைக்கிற என்சைம் மனுஷனுக்குக் கிடையாது. பல்லு உடைச்சா எண்ணெய் வெளிய வரும், பல்லு தப்ப விட்ட செல் சுவரோட மறுபக்கமா போயிடும்.

1980-ல அமெரிக்கால ஒரு ஆய்வு வந்துச்சு. ஒரே அளவு கொழுப்ப முழு வேர்க்கடலையா, வேர்க்கடலை வெண்ணெயா, கடலெண்ணெயா குடுத்துப் பாத்தாங்க. முழுக்கடலைல கிட்டத்தட்ட 18 சதவீத கொழுப்பு செரிக்காம வெளிய போச்சு, அரைச்ச வெண்ணெய்ல 7, எண்ணெய்ல 4.5. 2012-ல அமெரிக்க விவசாயத்துறை ஆட்கள் பாதாம வச்சு பண்ணினதுல, 28 கிராம் பாதாம்ல டப்பா மேல போடுறது சுமார் 170 கலோரி, உடம்புக்கு நிஜமா கிடைச்சது 129தான். இங்க வேகம் மட்டும் இல்ல, மொத்தத்துல எவ்ளோ கிடைக்குதுங்குறதே மாறிடுது. மக்காச்சோளத் தோல், தக்காளி விதை முழுசா வெளிய வர்றதும் இதே கதை.

எனக்கு சுகர் இருக்கு. நல்லா மென்னா சுகர் சீக்கிரம் ஏறுமா?

நல்ல கேள்வி, வாசல்ல நின்ன ஒரு அப்பா கேட்டது. வேகமா செரிக்குறது எல்லாருக்கும் எப்பவும் நல்லதுன்னு ஒரு நினைப்பு இருக்கு, அது சரியில்ல. 1986-ல இங்கிலாந்துல ஒரு சோதனை, சோறு, உருளைக்கிழங்கு, ஸ்வீட்கார்ன், ஆப்பிள் மாதிரி உணவுகள மென்னும், மெல்லாம முழுங்கியும் சாப்பிட வச்சு ரத்த சர்க்கரைய பாத்தாங்க, மெல்லாம முழுங்கினப்ப ஏத்தம் கம்மி. மாவுச்சத்து வெளிய வர லேட் ஆகுதுல்ல, அதான்.

அதுக்காக முழுங்காதீங்க தயவுசெஞ்சு, தொண்டைல அடைக்கும். இதுல இருந்து எடுத்துக்க வேண்டியது வேற. நீங்க மெல்லுறதுக்கு முன்னாடியே மிக்ஸியும் மாவு மிஷினும் எவ்ளோ மென்னு குடுத்திருக்குன்னு பாருங்க. கொண்டக்கடலை சுண்டல்ல செல் சுவர் பெரும்பாலும் முழுசா இருக்கு, மாவுச்சத்து உள்ள பத்திரமா இருக்கு, சர்க்கரை மெதுவா ஏறும். அதே கடலைய நைசா அரைச்ச மாவுல சுவர் எல்லாம் உடைஞ்சிடுது. பழமா கடிச்சு தின்னுறதுக்கும் ஜூஸ் போட்டு குடிக்கிறதுக்கும் இதே வித்தியாசம். மாத்திர மருந்து விஷயம் எல்லாம் உங்க டாக்டர்கிட்ட, நான் பயாலஜி வாத்தியார்தான்.

பல்லு போன வயசானவங்களுக்கு என்ன வழி?

எங்க பாட்டிகிட்ட கையளவு இரும்பு உரல் ஒண்ணு இருந்துச்சு, வெத்தல இடிக்கிற உரல். திண்ணைல உக்காந்து வெத்தல, களிப்பாக்கு, துளி சுண்ணாம்பு போட்டு டொக்கு டொக்குன்னு இடிச்சு, விரலால வழிச்சு வாயில போட்டுக்கும். கடைவாய்ப் பல்லு எல்லாம் போயி பத்து வருஷம் ஆச்சு, ஆனா வெத்தல நிக்கல. பல்லு செய்ய வேண்டியத வெளிய செஞ்சு உள்ள அனுப்புறது, அவ்ளோதான் வித்தை. குழைய வடிச்ச சாதம், மசிச்ச பருப்பு, கீமா, இட்லி எல்லாம் இந்தக் கணக்குலதான் வருது.

வேகவைக்கிறதும் பாதி வேலைய முடிச்சிடுது. பச்சரிசில மாவுச்சத்து இறுக்கமா மணியா இருக்கும், என்சைம் கடிச்சுப் பாத்துட்டு திரும்பிடும். தண்ணில வெந்தா மணி ஊதி வெடிச்சு விரியும். பசங்க பச்சரிசிய அள்ளி மொறுமொறுன்னு தின்னுட்டு வயிறு வலிக்குதுன்னு நிக்கிறது இதனாலதான்னு நான் நினைக்கிறேன்.

பால் மெல்லவே வேணாமே, அப்ப அது உடனே செரிச்சிடுமா?

பால்ல கொழுப்பு ஏற்கெனவே குட்டி குட்டி உருண்டையா பிரிஞ்சுதான் இருக்கு, அந்த வேலை மிச்சம். ஆனா வேடிக்கை பாருங்க, வயித்துக்குள்ள போன உடனே அமிலத்துல பால் திரிஞ்சு கட்டி ஆயிடும். கைக்குழந்தை கக்குறப்ப தயிர் தயிரா வருதே, அதான். திரவமாவே இருந்தா சீக்கிரம் குடலுக்கு ஓடிடும், கட்டியானா வயித்துல தங்கி நிதானமா செரிக்கும். உடம்பு வேணும்னே வேகத்த குறைக்கிற இடமும் இருக்கு.

கோழிக்கு பல்லு இல்லையே, அது எப்படி தானியம் திங்குது?

கறிக்கடைல ஈரலோட சேத்து கெட்டியா ஒரு சதை குடுப்பாங்களே, அதான் அரைவைப்பை. கோழி பொறுக்குற சின்னக் கல்லு அதுக்குள்ள போய் தங்கிடும், தசை இறுக்குறப்ப கல்லும் தானியமும் உரசி அரையும். அறுத்துப் பாத்தா உள்ள மஞ்சத்தோலும் பொடிக்கல்லும் இருக்கும். போரெல்லியோட வான்கோழி கண்ணாடிய நொறுக்கினதும் இதாலதான்.

மாடு அவசரமா மேஞ்சு உள்ள தள்ளிட்டு, அப்புறம் நிழல்ல படுத்து அத மறுபடி வாய்க்கு கொண்டு வந்து அசை போடும். வைக்கோல் நுணுங்க நுணுங்க வயித்துல இருக்குற நுண்ணுயிருங்களுக்கு ஒட்டிக்க இடம் கூடும். மலைப்பாம்பு நேர் எதிர், மெல்லுறதே கிடையாது, முழுசா முழுங்கிட்டு நாள் கணக்குல சுருண்டு கிடக்கும், அமிலமும் என்சைமும் வெளில இருந்து அடுக்கு அடுக்கா கரைச்சுக்கிட்டே உள்ள போகணும்.

ஒரு வாய்க்கு 32 தடவ மெல்லணுமா?

அந்த நம்பருக்கு பின்னாடி பல்லு எண்ணிக்கைய தவிர வேற ஒண்ணும் இல்ல. தயிர்சாதத்த 32 தடவ மென்னா கடைசில மெல்ல என்ன இருக்கும்? முறுக்கும் மட்டனும் அதுக்கு மேலயும் கேக்கும். நூறு வருஷத்துக்கு முன்னாடி அமெரிக்கால ஹோரேஸ் ஃப்ளெட்சர்னு ஒருத்தர், வாயில தண்ணியா ஆகுற வரைக்கும் மெல்லணும்னு ஊர் ஊரா பிரச்சாரம் பண்ணினார், நம்மாளுங்க நொறுங்கத் தின்றால் நூறு வயதுன்னு சொன்னத அவர் வியாதியாவே ஆக்கிட்டார். 1919-ல, எழுபது வயசு கூட முடியாம செத்துப் போனார். நாக்குக்கு கட்டி தட்டுப்படலைன்னா முழுங்கலாம்.

சாப்பிடுறப்ப தண்ணி குடிச்சா அமிலம் நீர்த்துப் போகாதா?

ஒரு டம்ளருக்கெல்லாம் கவலைப்பட வேணாம், வயிறு தேவைக்கு சுரந்துக்கும். மெல்லாத கவளத்த தண்ணி ஊத்தி தள்ளுறதுதான் தப்பு, பிரியாணி கதைதான்.

பரீட்சைல “இயந்திர செரிமானம் வேதி செரிமானத்தின் வேகத்தை எவ்வாறு பாதிக்கிறது”ன்னு வந்தா எப்படி எழுதணும்?

முதல்ல ஒரே வரில, உணவு சிறு துகள்களாவதால் புறப்பரப்பு கூடுகிறது, நொதிகள் செயல்படும் இடம் அதிகரிப்பதால் வேகம் கூடுகிறதுன்னு எழுதிடுங்க. புறப்பரப்புங்குற வார்த்தை இல்லாட்டி திருத்துறவங்க கண்ணுக்கு விடை தட்டுப்படாது. அடுத்து இடம் வாரியா, பல்லு, இரைப்பை, பித்தநீர், சிறுகுடல். கலக்குறத மறக்காதீங்க, பாதிப் பேர் உடைக்கிறதோட நிறுத்திடுறாங்க. கட்டம் வரைஞ்சு 6, 12, 60ன்னு போட்டா நல்லது, அலகு போடணும். “நொதியின் திறன் அதிகரிக்கிறது”ன்னு எழுதினா தப்பு. பித்தநீர நொதின்னு எழுதினா அதுவும் தப்பு, போன வருஷம் என்கிட்ட படிச்ச நாலு பேருக்கு அங்கதான் மார்க் போச்சு, அதுல ரெண்டு பேரு வடைச்சட்டி உதாரணத்த அழகா எழுதிட்டு கடைசி வரில “எனவே பித்தநீர் ஒரு நொதியாகும்”னு முடிச்சிருந்தாங்க.